உக்கிராணமும் உலையும்: பாமாவின் 'கருக்கு', 'சங்கதி' நூல்களில் ஈகை, ஊழியம், பொறுப்பு

ஆய்வுச் சுருக்கம்

உடைமை இறைவனுக்குரியது, மனிதர் அதன் பொறுப்பாளர் மட்டுமே என்னும் கிறித்தவக் கருத்தாக்கம் தமிழில் 'உக்கிராணத்துவம்' என்று வழங்குகிறது. விருதுநகர் மாவட்டம் வத்திராயிருப்பை அடுத்த புதுப்பட்டியில் பிறந்த பாமாவின் 'கருக்கு' (1992), 'சங்கதி' (1994) ஆகிய நூல்களை இக்கருத்தாக்கத்தின் வழியே இக்கட்டுரை அணுகுகிறது. ஈகையைப் பெறுபவர் இடத்திலேயே நிறுத்தப்பட்டவர்கள், தங்களுக்குள் நிகழ்த்தும் பகிர்வை ஊழியம் என்று எவரும் பெயரிடாத நிலை இந்நூல்களின் அடிநாதமாக இருப்பதை அது எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: உக்கிராணத்துவம், ஊழியம், ஈகை, தலித் கிறித்தவம், பாமா, சிவகாசி, மகமை, ஒரு உலை.

முன்னுரை

'கருக்கு' வெளிவந்து முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. தலித் தன்வரலாறு, பெண்ணியப் பிரதி, வட்டார மொழிப் பதிவு என்னும் மூன்று நிலைகளில் அது மிகுதியாக ஆராயப்பட்டுள்ளது. லட்சுமி ஹோம்ஸ்ட்ராமின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2000ஆம் ஆண்டில் வெளியான பின்னர்ப் பல்கலைக்கழகப் பாடத்திட்டங்களிலும் அது இடம்பெற்றது. ஆயினும் இந்நூல் குறித்த கட்டுரைகள் பல, சாதிக் கொடுமைகளைப் பக்க வரிசையில் தொகுத்துத் தருவதோடு நின்றுவிடுகின்றன. நூலின் நடுப்பகுதி முழுவதையும் இயக்குவது ஓர் இறையியல் கேள்வி என்பது அத்தகைய தொகுப்புகளில் மறைந்துபோகிறது. ஏழைப் பிள்ளைகளுக்குத் தன்னைக் கொடுக்க வேண்டும் என்று விரும்பிய ஓர் ஆசிரியை, வேலையைத் துறந்து, கன்னியர் மடம் சேர்ந்து, கொடுக்க வழியின்றி வெளியேறுகிறார். கொடுப்பதற்கான நிறுவனம் கொடுக்கவிடாமல் தடுப்பது எவ்வாறு என்பதே 'கருக்கு' எழுப்பும் வினா. இவ்வினாவைக் கிறித்தவ மரபு தனக்குள்ளேயே வைத்திருக்கும் ஒரு சொல்லைக் கொண்டு அணுகுவது பொருத்தமாகும்.

உக்கிராணம் என்னும் சொல்

சீர்திருத்தச் சபையினர் வழங்கும் தமிழ் விவிலியத்தில், லூக்கா 16ஆம் அதிகாரத்து உவமையில் வரும் மனிதன் 'உக்கிராணக்காரன்' எனப்படுகிறான். உக்கிராணம் என்பது பண்டசாலை. கோயிலிலும் அரண்மனையிலும் தானியமும் பாத்திரமும் வைக்கும் அறை. திருமண வீடுகளில் இன்றும் உக்கிராண அறை உண்டு; அதன் சாவியை வைத்திருப்பவர் குடும்பத்தில் நம்பிக்கைக்குரியவர். பொருள் அவருடையதன்று, ஆனால் எவருக்கு எவ்வளவு என்பதை அவர் கை முடிவு செய்கிறது. கிரேக்க மூலத்தின் 'ஓய்கொனொமொஸ்' என்னும் சொல் வீட்டை நிருவகிப்பவரைக் குறிப்பது. கத்தோலிக்கர் வழங்கும் திருவிவிலியம் இதனை 'வீட்டுப் பொறுப்பாளர்' என்று பெயர்க்கிறது. பண்டசாலையை முன்னிறுத்துவது ஒரு மொழிபெயர்ப்பு. வீட்டை முன்னிறுத்துவது மற்றொன்று. இவ்வேறுபாடு சிறிதன்று. பண்டசாலைக்குப் பூட்டு முதன்மை. வீட்டுக்கு அதில் வாழ்வோர் முதன்மை.

உக்கிராணத்துவம் பற்றிய பிரசங்கங்கள் பொதுவாகக் காலம், திறமை, பொருள் ஆகிய மூன்றையும் இறைவனிடமிருந்து பெற்றவையாகக் கருதி, அவற்றை ஊழியத்திலும் ஈகையிலும் செலவிடச் சொல்கின்றன. இங்கு 'ஊழியம்' என்னும் சொல்லின் பழைய வாழ்வையும் நினைவில் கொள்ள வேண்டும். திருவிதாங்கூரில் ஒடுக்கப்பட்ட சாதியினர் கூலியின்றிச் செய்தாக வேண்டிய கட்டாய வேலைக்கும் ஊழியம் என்றே பெயர். ஒருவர் மனமுவந்து செய்யும் திருப்பணிக்கும், மற்றொருவர் மறுக்க வழியின்றிச் செய்த வேலைக்கும் ஒரே சொல் அமைந்தது தற்செயலாக இருக்கலாம். எனினும் 'கருக்கு' போன்ற நூலைப் படிக்கும்போது அவ்விரு பொருளையும் பிரித்துவைக்க இயலுவதில்லை.

இவ்வட்டாரத்தின் கிறித்தவ நினைவில் ஊழியர் என்றாலே கொடுத்தவரின் முகமே தோன்றும். கேம்பிரிட்ஜில் கல்லூரி உறுப்பினர் பதவி வகித்த தாமஸ் ராக்லண்டு, சர்ச் மிஷனெரி சங்கத்தின் சார்பில் 1854 முதல் வடதிருநெல்வேலியின் கரிசல் ஊர்களில் கூடாரமிட்டுச் சுற்றிவந்து, 1858இல் சிவகாசியில் இறந்தார். அத்தகைய வாழ்வின் ஈகம் ஐயத்திற்கு இடமற்றது. ஆனால் அந்த வரலாறுகளில் பெற்றவர்கள் எண்ணிக்கையாகவும் ஊர்ப்பெயராகவும் மட்டுமே இடம்பெறுகின்றனர். பாமாவின் எழுத்து சபைமரபால் கத்தோலிக்கம் சார்ந்தது. எனினும் பெற்றுக்கொண்டவர் பக்கத்திலிருந்து ஊழியத்தின் கணக்கைக் கேட்கும் குரலாக, அது இவ்வட்டாரத்து இருமரபினருக்கும் உரியதாகிறது.

புதுப்பட்டியின் தெருவமைப்பு

'கருக்கு' ஊரை அறிமுகம் செய்யும் விதம் கவனத்திற்குரியது. மேற்குத் தொடர்ச்சி மலை, குளங்கள், வயல் என்று தொடங்கும் வருணனை, விரைவில் தெருக்களின் கணக்காக மாறுகிறது. அஞ்சலகம், ஊராட்சி அலுவலகம், பால் நிலையம், பெரிய கடைகள், கோயில், பள்ளிகள் யாவும் மேல்சாதித் தெருக்களில் உள்ளன. ஆகவே அவர்கள் தலித் தெருவுக்கு வரவேண்டிய தேவையே எழுவதில்லை. இப்பட்டியலில் தேவாலயம் இடம்பெறுவதைத் திறனாய்வாளர் பலர் கடந்துசென்றுள்ளனர். அருளும் கல்வியும் வைக்கப்பட்ட உக்கிராணம் எந்தத் தெருவில் இருக்கிறது என்பதை நூல் தன் முதற்பகுதியிலேயே சொல்லிவிடுகிறது. பெறுபவர்தாம் நடந்துவர வேண்டும்.

அடுத்து வரும் இரு காட்சிகள் ஈகையின் இலக்கணத்தைக் கையின் அசைவில் காட்டுகின்றன. தலித் தெருவைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் பலகாரப் பொட்டலத்தை, அதன் கட்டுக் கயிற்றில் மட்டும் பிடித்துத் தூக்கிச்சென்று நிலவுடைமையாளரிடம் தருகிறார். பொட்டலம் பிரிந்து விழுந்துவிடுமோ என்று சிறுமிக்குச் சிரிப்பு வருகிறது; அண்ணன் அதன் பொருளை விளக்கிய பின் சிரிப்பு நின்றுவிடுகிறது. மற்றொன்றில், நாயக்கர் வீடுகளில் வேலை செய்யும் பாட்டிகளுக்கு உயரத்திலிருந்து தண்ணீர் வார்க்கப்படுகிறது; மிஞ்சிய சோறும் குழம்பும் பாத்திரம் படாமல் இடப்படுகின்றன. பாட்டி அதனை அவமதிப்பாகக் கருதுவதில்லை. கொடுப்பவர்கள் இல்லாவிட்டால் பிழைப்பு ஏது என்று நன்றியுடன் பேசுகிறார்.

கொடுப்பவர் இங்கு இந்து, பெறுபவர் கிறித்தவர். ஆகவே இக்காட்சிக்கும் கிறித்தவ ஈகைக்கும் தொடர்பில்லை என்று வாதிடலாம். நூலின் கட்டமைப்பு அவ்வாதத்தை ஏற்பதில்லை. மேலிருந்து வார்க்கப்படும் தண்ணீர் என்னும் இவ்வடிவமே பின்னர் மடத்துப் பகுதிகளில் திரும்ப வருகிறது. கை மாறுகிறது, உயரம் மாறுவதில்லை. பள்ளித் தென்னையிலிருந்து தேங்காய் திருடியதாகச் சிறுமிமீது பழி விழும்போது, தலைமையாசிரியரின் சொல்லுக்கும் பாதிரியாரின் சொல்லுக்கும் இடையே வேறுபாடு ஏதுமில்லை. கொடுத்த கல்வியைத் திருப்பி எடுத்துக்கொள்ளும் உரிமையும் கொடுத்தவரிடமே இருக்கிறது என்பதைச் சிறுமி அன்று அறிகிறாள். திரும்பப் பெறத்தக்க கொடை, கொடையன்று, கடன்.

மடமும் சாவியும்

பாமா ஆசிரியப் பணியிலிருந்து துறவுக்குச் சென்றது எளிய உணர்ச்சி வேகத்தால் அன்று. அச்சபையை நிறுவிய பெண்மணி ஏழைகள்மீது கொண்ட அன்பைப் படித்தறிந்து, அவ்வழியில் தானும் நடக்கலாம் என்று நம்பியதை நூல் தெளிவாகக் கூறுகிறது. அதாவது நிறுவனரின் சொல்லை நம்பி, நிறுவனத்துக்குள் நுழைகிறார். உள்ளே அவர் காண்பது மூன்று வாக்குகளின் தலைகீழ் வடிவம். ஏழ்மை வாக்கு எடுத்தவர்களின் வாழ்வில் உணவுக்கும் உடைக்கும் வசதிக்கும் குறைவில்லை. அம்மடத்துப் பள்ளியில் படிப்பவர்கள் செல்வர் வீட்டுப் பிள்ளைகள். அதே வளாகத்தைப் பெருக்கவும் கழிவறையைத் தூய்மை செய்யவும் தலித்துகள் இருக்கின்றனர். அவர்களைப் பற்றி உடன் துறவியர் பேசும் பேச்சைத் தன் சாதியை மறைத்தபடி பாமா கேட்டுக்கொண்டிருக்க நேர்கிறது.

இப்பகுதியை மடத்தின் பாசாங்கை அம்பலப்படுத்தும் எள்ளலாக மட்டும் படிப்பது போதாது. ஏழ்மை வாக்கின் தருக்கம் உக்கிராணத்துவத்தின் தருக்கமே: தனி மனிதருக்கு உடைமை இல்லை, யாவும் பொது. ஆனால் பொது என்பது யார் என்று கேட்கும்போது, விடை சபையின் உறுப்பினரோடு நின்றுவிடுகிறது. துறவி தன் சட்டைப்பையில் பணம் வைத்திருப்பதில்லை. ஆகவே தான் ஏழை என்று உண்மையாகவே நம்புகிறார். நிறுவனத்தின் செல்வம் தனிமனித ஏழ்மையின் பெயரால் கணக்குக் கேட்கப்படாமல் தப்புகிறது. 'கருக்கு' கண்டறியும் நுட்பம் இது. பொய் சொல்பவரைவிட, இவ்வாறு உண்மையாக நம்புபவரைத் திருத்துவது கடினம் என்பதைப் பாமாவின் கோபம் உணர்ந்திருக்கிறது. கீழ்ப்படிதல் வாக்கு இதற்குக் காவலாக அமைகிறது. எங்கு, எவருக்குப் பணி செய்வது என்பதை முடிவு செய்யும் உரிமை பணி செய்ய வந்தவரிடம் இல்லை. தலித் பெண்களைச் சில சபைகள் ஏற்பதில்லை என்றும் அவர்களுக்கெனத் தனிச் சபை ஒன்று உள்ளது என்றும் பயிற்சிக் காலத்தில் கேள்விப்பட்டதை நூல் போகிறபோக்கில் பதிவு செய்கிறது. கொடுக்கும் தகுதிக்கும் சாதி உண்டு என்பதற்கு இதைவிடச் சுருக்கமான சான்று தேவையில்லை.

1992இல் அவர் வெளியேறினார். மடத்தை விட்ட பிறகு அவர் விசுவாசத்தைக் கைவிட்டதாக நூல் கூறவில்லை. முன்னுரையில் பனங்கருக்கின் இருபுறக் கூர்மையை எபிரெயர் நிருபத்தின் இருபுறமும் கருக்குள்ள வாளோடு அவர் இணைத்துக் காட்டுகிறார். சபையை எதிர்த்து எழுதப்பட்ட நூலின் தலைப்பே விவிலியத்திலிருந்து வலிமை பெறுகிறது.

தீப்பெட்டி ஆலையின் வீட்டுப் பொறுப்பாளர்

'சங்கதி'யில் மைக்கண்ணி என்னும் சிறுமியின் கதை வருகிறது. வயது பதினொன்று. தந்தை குடும்பத்தைக் கைவிட்டு வேறொரு பெண்ணுடன் வாழ்கிறான். தாய் பேறுகாலத்தில் வேலைக்குச் செல்ல இயலாதபோது இச்சிறுமி தீப்பெட்டி ஆலைக்குச் செல்கிறாள். கூலியைத் தாயிடம் தருகிறாள். வீட்டு வேலை, பிள்ளை வளர்ப்பு இரண்டும் அவளுடையவை. திருவிவிலியத்தின் சொல்லைக் கடன்பெற்றால், இந்நூல்களில் 'வீட்டுப் பொறுப்பாளர்' என்னும் பெயருக்கு முழுவதும் பொருந்துபவர் இச்சிறுமி ஒருவரே. தனக்கென ஒன்றும் வைத்துக்கொள்ளாமல், பெற்றதை முழுவதும் வீட்டாருக்குப் பகிர்ந்து, கணக்கும் ஒப்புவிக்கிறாள். பாமா அவளை இப்பெயரால் அழைக்கவில்லை. அவளைத் தியாகி ஆக்கவும் இல்லை. கதைசொல்லியின் குரலில் வியப்பும் வருத்தமும் கலந்திருக்கின்றன, போற்றுதல் இல்லை. இங்கு நூல் காட்டும் அடக்கம் சிறப்புக்குரியது. குழந்தையின் உழைப்பை அருஞ்செயலாகப் புகழ்ந்தால், அவ்வுழைப்பை வாங்கிய ஆலை பார்வையிலிருந்து விலகிவிடும்.

அந்த ஆலையின் பின்னணியும் ஈகையின் வரலாற்றோடு பிணைந்தது. பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பியதிலிருந்து சிவகாசியின் தொழில் வரலாறு தொடங்குகிறது. வானம் பொய்த்த கரிசலில் அத்தொழில் பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறிட்டது. அதற்கும் முன்பே இவ்வட்டார நாடார் வணிகரிடம் மகமை என்னும் பொது நிதி முறை வேரூன்றியிருந்தது. விற்பனைக்கு வரும் சரக்கின்மீது சிறு தொகை ஒதுக்கி, உறவின்முறை வழியாகக் கோயில், கிணறு, பள்ளி ஆகியவற்றுக்குச் செலவிட்டனர். 1885இல் விருதுபட்டியில் தோன்றிய சத்திரிய வித்தியாசாலை, வீடுதோறும் பிடி அரிசி சேர்த்து வளர்க்கப்பட்டது. ராபர்ட் ஹார்ட்கிரேவ் 1969இல் வெளியிட்ட நாடார் சமூக ஆய்வு இவ்வமைப்பைச் சமூக எழுச்சியின் அடித்தளமாக விளக்குகிறது. கிறித்தவத் தசமபாகத்தோடு ஒப்பிட்டால் மகமையின் தனித்தன்மை விளங்கும்: அதில் கொடுப்பவரும் பெறுபவரும் ஒரே சமூகத்தினர், ஆகவே மேலிருந்து வார்க்கும் கை அங்கு இல்லை. அதன் எல்லையும் அதுவே. உறவின்முறைக்கு வெளியே நின்ற தொழிலாளி அந்த உக்கிராணத்தின் பங்காளி அல்லர். சிவகாசியில் 1963இலும் 1968இலும் தொழிற்குடும்பங்களின் கொடையால் கல்லூரிகள் எழுந்தன. ஆண்களும் பெண்களும் தலைமுறையாகப் பயன்பெற்றனர். கூலியாகக் கொடுக்கப்பட வேண்டியதற்கும் கொடையாகக் கொடுக்கப்பட்டதற்கும் இடையிலான உறவை எவ்வாறு மதிப்பிடுவது என்பது, மடத்துக்கு மட்டுமன்றி இந்நகரங்களுக்கும் உரிய கேள்வியே.

சட்டம் இதற்கு ஒரு விடை தர முயன்றது. 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. சலம் பென்னூர்கரின் 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' ஆவணப்படம் 1990இல் சிவகாசிச் சிறாரின் வாழ்வைத் திரையில் வைத்தது. எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், சட்டத்துக்குப் புறம்பாக வேலைக்கமர்த்திய ஒவ்வொரு குழந்தைக்கும் 20,000 ரூபாயை முதலாளி நல நிதியில் செலுத்த வேண்டும் என்று ஆணையிட்டது. அத்தொகை தருமம் அன்று, இழப்பீடு. ஈகையின் மொழியிலிருந்து கடப்பாட்டின் மொழிக்கு நகரும் இப்பெயர்ச்சியைப் பாமாவின் நூல்கள் அத்தீர்ப்புக்குச் சில ஆண்டுகள் முன்பே இலக்கியத்தில் நிகழ்த்திவிட்டன. 'கருக்கு' எந்த இடத்திலும் இன்னும் தாராளமாகக் கொடுங்கள் என்று மடத்தைக் கேட்பதில்லை. வைத்திருப்பது எவருடையது என்று கேட்கிறது.

உலை

மதுரை அரசரடித் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றிய தியோபிலஸ் அப்பாவு, 'பரட்டை' என்னும் பெயரில் நாட்டார் இசையில் கிறித்தவப் பாடல்கள் இயற்றியவர். நற்கருணையை ஒரே உலையில் சமைத்து உண்ணும் பகிர்வாக விளக்கிய அவரது 'ஒரு உலை' என்னும் கருத்தை ஜோயி ஷெரினியன் 2014இல் வெளியிட்ட நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். உக்கிராணத்தோடு உலையை ஒப்பிட்டால் இரு இறையியல்களின் வேறுபாடு புலனாகும். உக்கிராணத்துக்குப் பூட்டும் சாவியும் பொறுப்பாளரும் வேண்டும். உலையில் கொதிக்கும் அரிசி எவர் கொண்டுவந்தது என்று பிரித்தெடுக்க இயலாது. அங்குக் கொடுத்தவர் என்று தனியே ஒருவர் நிற்பதில்லை.

'கருக்கு' நூலில் இத்தகைய பகிர்வு நிகழும் இடம் கல்லறைத் தகராறு பற்றிய பகுதி. சாலியரோடு ஏற்பட்ட மோதலுக்குப் பின் காவல்துறை தெருவைச் சூறையாடுகிறது, ஆண்கள் தலைமறைவாகின்றனர், பெண்கள் அடிபட்டும் அவர்களைக் காட்டிக்கொடுப்பதில்லை. அந்நாள்களில் ஒரு பையன் இறந்துபோக, ஒளிந்திருக்கும் தந்தைக்குச் சேலை உடுத்திப் பெண்களோடு பெண்ணாக அடக்கத்துக்கு அழைத்துச் செல்கின்றனர். நோயுற்றோரைக் காண்பதும் இறந்தோரை அடக்கம் செய்வதும் கத்தோலிக்க மரபு எண்ணும் இரக்கச் செயல்களில் அடங்கும். மடத்துப் பகுதிகளில் ஒருமுறையேனும் இவ்வளவு துல்லியமாக நிகழாத ஊழியம், ஒரு சேலையைக் கொண்டு தெருவில் நிகழ்ந்துவிடுகிறது. அதை நூல் விளக்காமல் விட்டுச்செல்வதால்தான் அது நிலைக்கிறது. பிற்பகுதிகளில் தலித் விடுதலை பற்றிய நேரடி அறைகூவல்கள் மிகும்போது எழுத்தின் செறிவு குறைவதையும் இங்கே சொல்ல வேண்டும். சேலைக் காட்சிக்கு இருக்கும் வலிமை அவ்வறைகூவல்களுக்கு இல்லை.

நிறுவனம் முழுவதையும் இருளாக வரையும் வாசிப்புக்கு நூலின் பதிப்பு வரலாறே இடையூறாக இருக்கிறது. 'கருக்கு' நூலை வெளியிட்டது மதுரையில் இயேசு சபையினர் நடத்திய சமுதாயச் சிந்தனை செயல் ஆய்வு மையம். சபையின் பொருளும் அச்சும், சபையைக் குற்றஞ்சாட்டும் நூலுக்குச் செலவிடப்பட்டன. தன்னையே விசாரிக்கும் சொல்லுக்கு இடம்கொடுப்பது உக்கிராணத்துவத்தின் அரிய வடிவம். கணக்கு ஒப்புவித்தல் என்பதற்கு நேரான பொருளும் அதுவே. நூலுக்குள் இதற்கு ஒத்த ஒரு துறவியோ குருவோ பாத்திரமாக வளர்வதில்லை என்பது 'கருக்கு' நூலின் குறை எனலாம். தன்வரலாறு தன் காயத்தின் எல்லைக்குள் நின்று பேசுவது இயல்பு. திறனாய்வாளர் அவ்வெல்லையை நூலின் முடிவான உண்மையாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

பாமாவின் அண்ணன் ராஜ் கௌதமன் எழுதிய 'சிலுவைராஜ் சரித்திரம்' (2002) இதே ஊரின், இதே சபையின் கொடையை வேறு வகையில் கணக்கிடுகிறது. விடுதிகளும் கல்லூரிகளும் சிலுவைராஜைப் படிக்கவைக்கின்றன. அவன் நன்றியும் எள்ளலும் கலந்த குரலில் அவற்றைக் கடக்கிறான். 1950ஆம் ஆண்டின் அட்டவணைச் சாதியினர் ஆணை கிறித்தவரைச் சேர்க்காத நிலையில், படித்த படிப்புக்கு வேலை பெற வழியின்றி இறுதியில் இந்துவாக மதம் மாறுகிறான். சபை கொடுத்த கல்வியைப் பயன்படுத்த, சபையைவிட்டே வெளியேற வேண்டியிருக்கிறது. தங்கை மடத்தைவிட்டு வெளியேறி விசுவாசத்தை வைத்துக்கொள்கிறாள். புனைவின் அண்ணன் சான்றிதழுக்காக விசுவாசத்தின் பெயரை விட்டுக்கொடுத்து, சபையின் பாட்டையும் செபத்தையும் நினைவில் சுமந்து செல்கிறான்.